நரம்பு: சொல்லும் பொருளும்

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு காலைப்பொழுது நின்றால் போதும், ‘நரம்பு’ என்ற சொல் மூன்று நான்கு அர்த்தத்தில் காதில் விழும். ட்ரிப் போட வந்த சிஸ்டர் பாட்டியின் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “நரம்பே ஆப்பட மாட்டேங்கு ஆச்சி” என்பார். அவர் தேடுவது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். பக்கத்துக் கட்டில்காரர், “ராத்திரியானா கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டி இழுக்கு சார்” என்பார். அது தசைப்பிடிப்பு. காலில் புடைத்து நெளிகிற வெரிகோஸ் சிரையும் நரம்புதான். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சேதி கொண்டுபோய் வருவதே நரம்பு என்று முதலாம் ஆண்டில் படித்துவிட்டு வருகிற மாணவர் இங்கேதான் முழிப்பார்.

சனங்கள் தப்பாகச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நீளமாக, கயிறாக ஓடுவதெல்லாம் பழந்தமிழில் நரம்பு. யாழில் கட்டிய தந்தி நரம்பு. வெற்றிலை முதுகில் ஓடுவதும் நரம்பு. அதை நகத்தால் உரித்த பிறகுதான் எங்கள் ஊர் ஆச்சிமார் சுண்ணாம்பு தடவுவார்கள். புறநானூற்றின் 278ஆம் பாட்டு ஒரு கிழவியின் வற்றிய தோளை ‘நரம்பெழுந்து உலறிய’ என்கிறது. அங்கே எழுந்து நிற்பது ரத்தக் குழாயாகத்தான் இருக்க வேண்டும். தோலைக் கிழித்து நூலாக வெளியே வரும் புழுவுக்கும் ‘நரம்புச் சிலந்தி’ என்றே பெயர். செங்கோட்டை தாண்டினால் மலையாளத்தில் ஞரம்பு, தெலுங்கில் நரமு, கன்னடத்தில் நர. ஒரே குடும்பத்துச் சொல்.

வேடிக்கை என்னவென்றால், நரம்பணுவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘நியூரான்’ கதையும் இதேதான். கிரேக்கத்தில் அது முதலில் தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு), வில்லின் நாண். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மருத்துவர்கள் ஹீரோபிலஸும் எராசிஸ்ட்ராடஸும் பிணங்களை அறுத்துப் பார்த்த பிறகுதான் நரம்பு தனி, நாண் தனி என்று தெளிவாகப் பிரிந்தது. பழைய அர்த்தம் இன்னும் முழுக்கப் போகவில்லை: ‘அபோநியூரோசிஸ்’ என்பது தட்டையான தசைநாண். நரம்பு நோய் என்று நினைத்து வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்பவர் உண்டு.

நாண், சிரை, நரம்பு மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க, கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரலோடு சேர்த்து மணிக்கட்டை உள்பக்கமாக மடக்குங்கள். நடுவில் விறைத்து நிற்கும் கயிறு பால்மாரிஸ் லாங்கஸ் தசையின் நாண். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. இல்லாததால் நஷ்டமும் இல்லை. தோலுக்கடியில் நீலமாகத் தெரிவது சிரை. நிஜமான நரம்பு, அதாவது மீடியன் நரம்பு, அந்த நாணுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. நாணும் வெள்ளை, நரம்பும் வெள்ளை. வெட்டுக்காயத்தைத் தைக்கும்போது ஒன்றை இன்னொன்று என்று நினைத்துவிட்டால் நோயாளிக்குக் கட்டைவிரல் அடிமேட்டில் தசை சூம்பிவிடும், சட்டைப் பட்டன் போட முடியாது. நரம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் முழங்கை உட்புறம் போங்கள். இடித்தால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடிக்கிறதே, அதுதான் அல்நர் நரம்பு. தொழுநோயில் தடித்துவிடும் என்பதால் தேர்வில் அதைத் தடவிப் பார்க்கச் சொல்வார்கள்.

சரி, எதற்கு எந்தச் சொல்? நம் பாடநூல்களில் நரம்பு, சிரை, தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்), தசைநாண். இலங்கைத் தமிழில் சிரைக்கு நாளம், தமனிக்கு நாடி. சிரையும் தமனியும் வடமொழி வழி வந்தவை. பொதுவாகச் சொல்லக் குருதிக்குழாய் போதும். எனக்குப் பிடிக்காத ஒரே சொல் ‘நரம்புத் தளர்ச்சி’. பஸ் ஸ்டாண்டு சுவரில் அது படாத பாடு படுகிறது. கை நடுக்கம் பார்க்கின்சனாக இருக்கலாம், தைராய்டு மிகுதியாக இருக்கலாம், குடியை நிறுத்திய மூன்றாம் நாளாகவும் இருக்கலாம். இதில் எந்த நரம்பும் தளர்ந்து தொங்கவில்லை.

கேஸ் ஷீட்டில் “நரம்பு இழுக்கு” என்பதை நோயாளி சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், “எங்கன்னு விரலால காட்டுங்க ஐயா” என்று கேளுங்கள். இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகப் பாதம் வரை விரல் ஓடினால் சியாட்டிக் நரம்பு. சாக்ஸ் போடுகிற இடமெல்லாம் சுற்றிக் காட்டி, “மரத்துக் கிடக்கு” என்றால் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆடுதசையை அப்படியே கையால் அமுக்கிக் காட்டினால் முதலில் சொன்ன கெண்டைக்கால்காரர் கதைதான்.