பதினோரு வயதுப் பூனைக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

தனியாக வாழ்ந்த ஒரு பாட்டி காலமான சில நாட்களில், பக்கத்து வீட்டுப் பெண் துண்டால் மூடிய பிளாஸ்டிக் கூடையோடு என் கால்நடை மருத்துவமனைக்கு வந்தார். உள்ளே பாட்டி வளர்த்த பூனை, பட்டு. காரியம் முடிந்ததும் மகன் வீட்டைப் பூட்டிவிட்டு, பூனையை வாசலில் விட்டுப் போயிருக்கிறார். “பூனைதானே, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்” என்றாராம்.

பிழைத்துக்கொள்ளாது. வேளை தவறாமல் தட்டில் சாப்பாடு கண்ட பூனைக்கு இரை தேடும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். தெருவில் எந்த மதில் எந்தக் கடுவன் பூனையின் எல்லை என்பதும் தெரியாது. பசியிலும் தாகத்திலும் வாட நேரும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதைச் சொன்னால் பலர் என்னை வியப்போடு பார்க்கிறார்கள்.

பட்டுவின் கண்களில் மெல்லிய நீல மங்கல். பாவையைச் சுற்றிய வளையத்தில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகள். தடவினால் முதுகெலும்பு விரலில் தட்டியது. வயது தெரியுமா என்று கேட்டேன். “என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் குட்டியாக வந்தது டாக்டர். இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு” என்றார் அந்தப் பெண். ஆக, பதினோரு வயது. வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து வயதைத் தாண்டியும் வாழும்.

வயதான பூனைக்கு வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் “பாவம், யாருமில்லை” என்றே தொடங்குகிறார்கள். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு பூனையைக் கொடுக்க மாட்டேன். முதல் மருத்துவச் செலவு வந்ததும் கூடை திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிப்பேன், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பேன். தெரிந்தது அனைத்தையும் ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதிய பிறகுதான் வீடு தேடச் சொல்வேன்.

பட்டுவின் தாளில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, கெட்டுப்போன இரண்டு பற்கள், பிடுங்கிவிட்டோம். மற்றொன்று சிறுநீரகம். வயதான பூனைகளுக்கு அடிக்கடி வரும் நோய் இது. தண்ணீர் அதிகமாகக் குடிக்கும், அது சிறுநீர் போகும் மணல் தட்டு சீக்கிரம் நனையும், எடை குறையும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் தெளிவாக உயர்வதற்குள் சிறுநீரகத்தின் பெரும்பகுதி செயலிழந்திருக்கும். பட்டுவுக்குத் தொடக்க நிலைதான். உணவு மாற்றமும், ஈரமான தீனியும், சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனையும் போதுமாக இருந்தது.

அப்போதுதான் பணி ஓய்வுபெற்ற ஒரு தம்பதி குட்டிப் பூனை கேட்டு வந்தார்கள். கணவருக்கு அறுபத்தெட்டு வயது. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. திரைச்சீலையில் ஏறும் குட்டியின் பின்னால் அவர்களால் ஓட முடியாது. பட்டுவைக் காட்டி, தாளையும் கையில் கொடுத்தேன். அந்த அம்மா முழுவதையும் படித்துவிட்டு, “இது இன்னும் எத்தனை வருடம் இருக்கும் டாக்டர்?” என்று கேட்டார். “இரண்டு வருடமாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது அம்மா” என்றேன். அவர் கணவரைப் பார்த்தார். “நமக்கும் அப்படித்தானே” என்றார் கணவர்.

வீட்டுக்கு அனுப்பும்போது பாட்டி போர்த்தியிருந்த பழைய பருத்திப் புடவையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். துவைக்க வேண்டாம் என்றேன். பழகிய வாசனைதான் அந்த அறையில் பட்டுவுக்குத் தெரிந்த ஒரே பொருள். முதல் வாரம் ஒரே அறை, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, வயதான பூனையின் மூட்டுகளுக்கு ஏற்றபடி விளிம்பு தாழ்ந்த மணல் தட்டு. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கக் கூடாது. தூக்கிக் கொஞ்சவும் கூடாது.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்: ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டால் எனக்கு போன் செய்யுங்கள். “இடம் புதிது, பசித்தால் தானே சாப்பிடும்” என்று காத்திருப்பது பூனைகளின் விஷயத்தில் ஆபத்து. சில நாட்கள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும். பருத்த பூனையானால் ஆபத்து இன்னும் அதிகம். உயிர் போகும் நோய் அது. காய்ச்சல் போலிருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

மறுநாள் இரவே போன் வந்தது. மத்தி மீனை உப்பும் மஞ்சளும் இல்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்து, வெதுவெதுப்பாக வைக்கச் சொன்னேன். வாசனை எழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சூடு. நள்ளிரவில் தட்டு காலியாகியிருந்ததாம்.

அந்தத் தம்பதி மாதம் ஒருமுறை பட்டுவை எடைபோட்டு ஒரு நோட்டில் குறிக்கிறார்கள். மூன்று கிலோ பூனைக்கு முந்நூறு கிராம் குறைந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று நான் சொன்னதை அவர்கள் மறக்கவில்லை. போன முறை அந்த நோட்டைப் புரட்டினேன்: 2.9, 3.0, 3.2. முதல் பக்கத்தில் அந்த அம்மாவின் கையெழுத்தில், தங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பட்டுவை வாங்கிக்கொள்ளச் சம்மதித்த தங்கை மகளின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அதை நான் கேட்டிருக்கவே இல்லை.