ஹெடர்: தலைப்பு என்றால் போதுமா?

நிரல் எழுதாமல் செயலி கட்டும் தளங்களில், புதுப் பக்கம் திறந்ததும் பெரும்பாலும் முதலில் இழுத்து வைக்கும் உறுப்பு ஹெடர். அதைத் தட்டினால் பக்கவாட்டில் அமைப்புகள் விரியும். அதில் டைட்டில் என்று ஒரு பெட்டி இருக்கும். ஹெடர், டைட்டில் இரண்டையும் ‘தலைப்பு’ என்று மொழிபெயர்த்தால் ‘தலைப்பில் தலைப்பை உள்ளிடுக’ என்றொரு வரி வந்து நிற்கிறது. மன்னார்குடியில் ஒரு விவசாயிகள் குழுவுக்காக முதன்முதலாகச் செயலி கட்டும் இளைஞருக்கு அந்த வரி எதையும் சொல்லாது. எதைத் தட்டுவது, எதில் எழுதுவது என்ற இரண்டும் ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன.

ஹெடர் என்பது ஒரு பட்டை. பக்கத்தின் உச்சியில் இருக்கும். இடப்பக்கம் பின்செல்லும் அம்போ மெனுவோ, நடுவில் பக்கத்தின் பெயர், வலப்பக்கம் தேடல், சேர் போன்ற பொத்தான்கள். டைட்டில் இந்தப் பட்டைக்குள் இருக்கும் எழுத்து மட்டும்.

ஆங்கிலத்தில் ‘ஹெட்’ என்ற தலையோடு ‘அர்’ விகுதி சேர்ந்து பிறந்த சொல் இது. கட்டடக்காரர்களிடம் இதற்கு வேறு பொருள்: சுவரின் முகத்தில் குட்டைப் பக்கம் தெரியும்படி வைக்கும் செங்கல் ஹெடர். அச்சில் பக்கத்தின் மேல் ஓரத்தில் திரும்பத் திரும்ப வரும் வரிக்கும் அதே பெயர். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 5ஆம் பதிப்பு, 2014இல் பரிந்துரையாக வெளிவந்தபோது, ஹெடர் என்றே ஓர் உறுப்பை வைத்துக்கொண்டது. அதே மொழியில் உள்ள ஹெட் வேறு. ஹெட் ஓர் ஆவணத்தில் ஒருமுறைதான் வரும், திரையில் தெரியாது. ஹெடர் தெரியும், ஒரே பக்கத்தில் பல இடங்களில் வரலாம்.

தமிழில் ‘தலை’ உடம்பின் உறுப்போடு நிற்கவில்லை. நன்னூல் இடப்பொருள் உருபுகளை ‘கண், கால், கடை, இடை, தலை’ என்று அடுக்குகிறது. தலையும் கடையும் அங்கே இடத்தைக் குறிக்கும் சொற்கள். காவிரிப் படுகையில் அந்த இரண்டும் இன்றும் அன்றாடப் பேச்சு. தலைமடைக்குத் தண்ணீர் முந்தி வரும், கடைமடை காத்திருக்கும். வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் இடம் வாய்க்கால் தலைப்பு. புடவையிலோ தோளில் விழும் முந்திதான் தலைப்பு. ஒன்று தொடக்கம், மற்றது முடிவு. இரண்டிலும் பொதுவாக நிற்கும் பொருள் ‘முனை’. முனையைக் குறிக்கும் சொல், முனையில் கட்டிய அமைப்பைத் தனியே குறிக்காது. அதனால்தான் வாய்க்கால் தலைப்பில் கட்டிய கதவுகளைத் தலைப்பு என்பதோடு விடாமல் தலைமதகு என்று தனிப்பெயர் இட்டார்கள். செயலிக்கும் அந்தப் பிரிப்பு வேண்டும்.

ஹெடருக்கு ‘தலைப்பட்டை’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறோம். டைட்டில், தலைப்பு. பக்கத்துக்குள் வரும் ஹெடிங், உள்தலைப்பு. அட்டவணையின் முதல் வரிசை, தலைவரிசை. மின்னஞ்சலில் அனுப்புநர், நேரம் முதலியவற்றைத் தாங்கும் ஹெடர் பட்டையே அல்ல. அதைத் தலைக்குறிப்பு எனலாம். ‘முகப்பு’ அழகான சொல்தான், ஆனால் ஹோம் பக்கத்துக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. ‘தலைக்கட்டு’ என்றால் ஊரில் வரி கொடுக்கும் குடும்பக் கணக்கு. ‘மேற்பட்டை’யை அவசரத்தில் ‘மேற்பட்ட’ என்று படித்துவிடுவார்கள். தலைப்பட்டைக்கும் ஒரு குறை உண்டு: தலையில் கட்டும் பட்டையையும் அது குறிக்கும். முதல்முறை எழுதும்போது ‘பக்கத் தலைப்பட்டை’ என்று முழுதாக எழுதினால் அந்தக் குழப்பம் தீரும்.

தலைப்பட்டையை அமைக்கும் முறைக்கு நல்ல முன்மாதிரி சோழர் கல்வெட்டு. முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் நிலைபெற்ற மெய்க்கீர்த்தி, அதாவது மன்னனின் புகழைச் சொல்லும் முன்பகுதி, கல்வெட்டுக்குக் கல்வெட்டு ஏறக்குறைய ஒரே வாசகமாக முன்னால் நிற்கும். அதையடுத்து ஆட்சியாண்டு மாறும், அப்புறம் கொடை பற்றிய செய்தி. நிலையான பகுதி ஒன்று, மதிப்பு மட்டும் மாறும் இடம் ஒன்று. கல்தச்சர் ஒவ்வொரு முறையும் முழுதாக வெட்டியாக வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தலைப்பட்டையை ஒரே ஒருமுறை மறுபயன்பாட்டு உறுப்பாகச் செய்து, தலைப்பு, பின்செல்லும் அம்பு, வலப் பொத்தான் மூன்றையும் மாறக்கூடிய பண்புகளாக விட வேண்டும். முறைப்பாசனப் பக்கம், நெல் கொள்முதல் பக்கம் ஒவ்வொன்றும் தன் மதிப்பை மட்டும் தரும். நகலெடுத்து ஒட்டிய தலைப்பட்டைகள் 12 பக்கங்களில் இருந்தால், சின்னத்தை மாற்ற 12 முறை வேலை. ஏதோ ஒன்று நிச்சயம் விடுபடும்.

உயரத்தில்தான் தமிழ் அதிகம் அடிபடுகிறது. செயலி வடிவமைப்புக்கான கூகுளின் மெட்டீரியல் நெறியில் சிறிய மேல்பட்டைக்கு 64 அலகு, முந்தைய பதிப்பில் 56. எழுத்தளவு 18, வரி உயரம் 1.5 மடங்கு என்றால் ஒரு வரிக்கு 27, இரண்டு வரிக்கு 54, 64க்குள் அடங்கும். எழுத்தளவை 22 ஆக்கினால் இரண்டு வரிக்கு 66. மேலே புள்ளியும் கீழே ‘ழ’வின் வாலும் வெட்டுப்படும். தேர்ந்த எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் கருவி வேறோர் எழுத்துருவைக் கொண்டுவந்து போடும், எண்களும் எழுத்துகளும் ஒரே கோட்டில் நிற்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைப் பெயர் சொல்லித் தேர்வது நல்லது.

எழுத்து வரம்பு இன்னொரு பொறி. தலைப்பு தரவிலிருந்து வருகிறது, ஊர்ப்பெயர் ‘திருக்காட்டுப்பள்ளி’ என்று கொள்வோம். நமக்கு அது 10 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு கணக்கில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டு 19 ஆகும். குறியீடுகளை எண்ணும் கருவியில் வரம்பை 16 என்று வைத்தால் ‘திருக்காட்டுப்பள’ என்று நிற்கும். ‘ள்’ புள்ளியை இழந்துவிடும். வரம்பை எடுத்துவிட்டு, இடம் போதாதபோது இரண்டாம் வரிக்கு இறங்கும்படி அமைக்க வேண்டும்.

தலைப்பட்டையை மேலேயே நிலைக்க வைத்தால், சில கருவிகளில் பட்டியலின் முதல் அட்டை அதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும். உள்ளடக்கத்துக்கு மேலே பட்டையின் உயரத்துக்குச் சமமான இடைவெளி விட்டால் வெளியே வரும். பொத்தானின் தொடுபரப்பு ஆண்ட்ராய்டில் 48 அலகுக்குக் குறையக் கூடாது. பின்னணிக்கும் எழுத்துக்கும் நிற வேறுபாடு 4.5:1 இருக்க வேண்டும். வரப்பில் நின்று வெயிலில் திரையைப் பார்ப்பவர்க்கு வெளிர்பச்சையில் வெள்ளை எழுத்து தெரியவே தெரியாது.

பக்கத்தின் அடியில் வரும் ஃபூட்டருக்கு ‘அடிக்குறிப்பு’ என்று எழுதும் வழக்கமும் திருந்த வேண்டும். அது நூலில் எண்ணிட்டு வரும் குறிப்பின் பெயர். தலைப்பட்டைக்கு இணை அடிப்பட்டை.