தெருவில் தேங்கும் கழிவுநீருக்கு உங்கள் ஊராட்சியில் பணம் உண்டு

ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாத்திரம் கழுவி, குளித்து, துவைத்து வெளியே வந்துவிடும். 1,200 பேர் வாழும் ஊர் என்றால் தினமும் 40,000 லிட்டருக்கு மேல். தெருவோரம் பாசி பிடித்துக் கிடப்பது இந்தத் தண்ணீர்தான்.

இதைச் சரிசெய்யத் தூய்மை பாரத இயக்கத்தின் (ஊரகம்) இரண்டாம் கட்டத்தில் நிதி இருக்கிறது. கழிப்பறைக்கு 12,000 ரூபாய் தரும் திட்டம் என்றுதான் பலருக்கும் இதைத் தெரியும். 2020இல் ஒப்புதலான இரண்டாம் கட்டத்தில் கழிவுநீர் மேலாண்மையும் சேர்ந்தது. 5,000 பேர் வரை உள்ள கிராமத்துக்குத் தலைக்கு 280 ரூபாய் வரை, அதற்கு மேற்பட்ட கிராமத்துக்கு 660 ரூபாய் வரை. இதில் 30 சதவீதத்தை ஊராட்சி தன் நிதிக்குழு மானியத்திலிருந்து (மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் பணம்) போட வேண்டும். நம் 1,200 பேர் ஊருக்கு மொத்தம் 3,36,000 ரூபாய் வரை வரும், அதில் ஊராட்சியின் பங்கு 1,00,800.

பணம் இருக்கிறது என்றதும் பெரும்பாலும் எழும் கோரிக்கை, "வடிகால் கட்டுங்க." அவசரப்படாதீர்கள். வடிகால் தண்ணீரைச் சுத்தம் செய்யாது, நகர்த்தத்தான் செய்யும். நம் வாசலில் நின்றது ஊர்க்கோடி வீட்டு வாசலிலோ ஊருணியிலோ போய் நிற்கும். திட்டமும் முடிந்தவரை வீட்டளவிலேயே தீர்க்கத்தான் சொல்கிறது. கொல்லையில் இடம் இருந்தால் தண்ணீரை வாழைக்கும் கீரைக்கும் திருப்பலாம், இல்லையென்றால் உறிஞ்சுகுழி, அதாவது தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் கல் நிரப்பிய குழி.

ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் நீள, அகல, ஆழக் குழி போதும். அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சின்னக் கல். பல ஊர்களில் 100 நாள் வேலையில்தான் இவற்றைத் தோண்டினார்கள். குழி வீணாவது பெரும்பாலும் சோற்றுப் பருக்கையாலும் எண்ணெய்ப் பிசுக்காலும்தான். இரண்டும் கல்லிடுக்கில் படிந்துவிட்டால் தண்ணீர் இறங்காது. அதனால் குழிக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டாயம் வேண்டும். கசடு அதில் தங்கும், வாரம் ஒரு முறை அள்ளிக் கொட்டிவிடலாம். வேலைக்குப் போடும் செலவு மதிப்பீட்டில் தொட்டி விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள்.

களிமண் நிலத்திலும், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடத்திலும் உறிஞ்சுகுழி எடுபடாது. கிணறு, அடிபம்புக்குப் பக்கத்திலும் கூடாது, 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நெருக்கமான தெருக்களில் பல வீட்டுத் தண்ணீரை ஒன்றாகக் கொண்டுபோய், கல்வாழை, நாணல் வளர்த்த சரளைப் படுகையிலோ, தண்ணீரைத் தேக்கித் தானாகத் தெளியவிடும் நிலைப்படுத்தும் குட்டையிலோ விடலாம். வடிகால் தேவைப்படுவது இங்கேதான்.

சரி, யாரிடம் கேட்பது? தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. தண்ணீர் எந்தத் தெருவில் நிற்கிறது, எத்தனை வீட்டில் கொல்லை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானமாகப் பதிவாகி, ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் ஏற வேண்டும். மதிப்பீடு போட ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் வருவார். அப்போது கூடவே நடந்து இடத்தைக் காட்டுங்கள்.

அப்புறம், இந்தக் குழியெல்லாம் சமையலறை, குளியலறைத் தண்ணீருக்கு மட்டும்தான். கழிப்பறைக் குழாயை எக்காரணம் கொண்டும் இதில் சேர்க்கக் கூடாது.