ஆயா கேட்ட பூசைமணி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த எங்களுக்குப் பாட்டி என்றால் ஆயா. நிமோனியாவோடு ஐசியூவில் இருந்த அவர் நாலாம் நாள் என்னைப் பார்த்து, "பூசைமணி அடிக்குது, தேங்காய்த் தட்டு எங்கே?" என்றார். மணி அடித்தது உண்மைதான். பக்கத்துக் கட்டிலின் மானிட்டர் அது.

ஊரில் இதை ஜன்னி என்பார்கள், மருத்துவர்களுக்கு டெலிரியம். வென்டிலேட்டரில் இருப்பவர்களிடம் மிகச் சாதாரணம், சில ஆய்வுகளில் 80% வரை. தொற்றை எதிர்த்து உடல் கிளப்பும் அழற்சி மூளையையும் தொடுகிறது. அசிடைல்கோலின் போன்ற நரம்பு வேதிப்பொருட்களின் சமநிலை குலைகிறது. மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் குழப்பத்தைக் கூட்டும். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோன் இருட்டில்தான் நன்றாகச் சுரக்கும். இருட்டே வராத அறையில் உடலின் கடிகாரம் தடுமாறிப்போகிறது. மூக்குக்கண்ணாடியும் அலமாரிக்குள் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கத்திப் புலம்புகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு கிடப்பவரின் டெலிரியம்தான் கண்ணுக்குத் தப்பும். அதற்காகவே எளிய சோதனை ஒன்று உண்டு. சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு பத்து ஆங்கில எழுத்துகளைச் சொல்வார். 'ஏ' வரும்போது மட்டும் நோயாளி அழுத்த வேண்டும். மூன்று முறை தவறினால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். தேவைப்பட்டால் அப்புறம் சில கேள்விகள்: "கல் தண்ணீரில் மிதக்குமா?" தொண்டையில் குழாய் இருந்தாலும் தலையசைக்கலாம். ஆயாவுக்குக் காய்ச்சலில் இங்கிலீஷ் விட்டுப்போயிருந்தது. ஜூலு பேசும் அந்த சிஸ்டர் என்னைத் தமிழில் கேட்கச் சொன்னார். "மிதக்கும்" என்றார் ஆயா.

நோயாளியைக் குழப்பும் அதே மணிதான் செவிலியரையும் தேய்க்கிறது. ஐசியூவில் ஒலிக்கும் 100 மணிகளில் 70-க்கும் மேற்பட்டவற்றுக்கு யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும் அலறும். புலி வருது கதைதான்: காது மரத்துப்போய், உண்மையான ஆபத்தின் மணியும் காதில் ஏறாமல் போகலாம். அந்தப் பயத்தோடு பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்களின் களைப்பை நாம் பேசுவதே இல்லை.

மருந்தால் தீர்ப்பது கடினம். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் மருந்தைக் கொடுத்தும் டெலிரியம் நாட்கள் குறையவில்லை என்று 2018-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. பலன் தருபவை சின்ன வேலைகள். நாடித்துடிப்பு போன்றவை எந்த எல்லையைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக அமைப்பது, இரவில் விளக்கைத் தணிப்பது, மயக்க மருந்தைக் குறைத்துச் சீக்கிரம் எழுப்பி உட்காரவைப்பது, வீட்டு ஆட்களைப் பக்கத்தில் இருக்கவிடுவது. ஸ்காண்டிநேவியாவில் தொடங்கிய ஐசியூ நாட்குறிப்பும் உண்டு: நடந்ததைச் செவிலியரும் குடும்பமும் எழுதிவைப்பார்கள், நினைவில்லாத நாட்களை நோயாளி பின்னால் படித்துக்கொள்ளலாம். எழுதுகிற செவிலியருக்கும் கட்டில் எண் ஒரு மனிதராகிறது.

கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டினேன். தினமும் தேதி சொன்னேன். ஏழாம் நாள் மறுபடி கல்லைப் பற்றிக் கேட்டதும் ஆயா முறைத்தார். "கல்லு முழுகிப்போகும். இதையா கேப்பாங்க?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். சிஸ்டர் சிரித்துக்கொண்டே அதை நாட்குறிப்பில் எழுதினார்.