ஏறினால் மூச்சு வாங்குகிறது, இறங்கினால் ஏன் தொடை வலிக்கிறது?

நக்கிள்ஸ் காட்டுக்குள் காலையில் புகுந்து, மேலே ஏறி, வேறு வழியாக இறங்கி, பொழுது சாயும் நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் நீண்ட வட்டப் பாதையொன்றை முடித்துவிட்டு வந்த தலவாக்கலை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏறும்போது மூச்சு முட்டியது, இறங்கும்போது பேசிச் சிரித்துக்கொண்டுதான் வந்தோம். அன்றிரவு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இரண்டாம் நாள் வீட்டுப் படியில் இறங்கவே முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக இறங்கினேன். ஏறினதற்கு இவ்வளவு தாமதமாகவா வலிக்கும்?"

சிவனொளிபாதமலைக்குப் போய் வந்த எவரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். ஆனால் வலித்தது ஏறினதற்காக அல்ல, அவர் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தாரே, அதற்காகத்தான்.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மொத்தம் 1000 மீற்றர் உயரம் ஏறினால் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை ஏறக்குறைய 588 கிலோ யூல். தசையின் திறன் சுமார் 25 சதவீதம்தான், ஆகவே அதற்கு உடல் நான்கு மடங்கு செலவழிக்கிறது, சுமார் 560 கிலோ கலோரி. ஒரு வேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் உயரத்தில் வித்தியாசம் பூச்சியம், சாதாரண தரத்தில் படித்தது. அப்படியானால் ஏறும்போது சேமித்த 588 கிலோ யூல் எங்கே போனது? இறங்கும்போது அதில் பெரும்பகுதியைத் தொடைத் தசைகள் பிரேக் போட்டுப் போட்டு வெப்பமாக்கிவிட்டன. நமக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை.

அந்த பிரேக்கில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு படி இறங்குவதைக் கவனியுங்கள். வலது கால் கீழ்ப்படியைத் தேடிப் போகிறது, உடம்பு முழுவதையும் இடது கால் தாங்குகிறது, இடது முழங்கால் மெல்ல மடிகிறது. அப்போது முன்தொடையில் கை வைத்துப் பார்த்தால் தசை கல்லாக இறுகியிருக்கும். ஆனால் முழங்கால் மடிய மடிய அந்தத் தசை நீண்டுகொண்டே போகிறது. இறுகிக்கொண்டே நீள்வது! ஏறும்போது இறுகிச் சுருங்கும் அதே தசை, இறங்கும்போது சுருங்க முயன்று தோற்றுக்கொண்டே வருகிறது.

தசை நாருக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகை இழைகள். மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடி பற்றுகின்றன, தைப்பொங்கல் விளையாட்டு விழாவில் கயிறு இழுப்பவர்களின் கைகள் மாறி மாறிப் பிடிப்பதைப் போல. பிடியை விட்டு அடுத்த இழுப்புக்குத் தயாராக ஒவ்வொரு முறையும் கலத்தின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகும், அதை மறுபடி உண்டாக்க ஒட்சிசன் வேண்டும், மூச்சு வாங்குவது அதற்காகத்தான். இறங்கும்போது எதிரணி பலம் கூடியது. பிடித்த பிடியோடு தலைகள் பின்னுக்கு இழுபட்டு, பல இடங்களில் பலவந்தமாகப் பிய்ந்து, உடனே மறுபடி பற்றிக்கொள்கின்றன. பிய்த்துவிடுவது உடம்பின் பாரம், அதற்கு ஏ.டி.பி. தேவையில்லை. போதாததற்கு டைட்டின் என்ற ராட்சதப் புரதம் நீள நீள விறைத்துக்கொண்டு தாங்கிக்கொடுக்கிறது. ஆகவே குறைந்த செலவில் அதிக விசை. தனியே எடுத்துச் சோதித்த தசை நார் இப்படி இழுபடும்போது, அசையாமல் இறுகி நிற்கும்போது தருவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விசை தரும்.

இதை 1952இல் அபொட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் எதிர்த்து நிறுத்தப் பார்க்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் எதிர்த்தவர் எடுத்த ஒட்சிசன் பல மடங்கு குறைவு. லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் இதைச் செய்து காட்டியபோது, எதிர்த்து உட்கார்ந்திருந்த சிறிய உருவமுள்ள பெண்ணிடம் மிதித்துக்கொண்டிருந்த பெரிய உருவமுள்ள ஆண் சீக்கிரமே களைத்துப் போனார். எனக்கு உடலியலில் இதைவிடப் பிடித்த பரிசோதனை கிடையாது.

வலிக்குக் காரணமும் இந்த மலிவுதான். ஒவ்வொரு நாரும் கூடுதல் விசை தருவதால் மூளை குறைந்த எண்ணிக்கையிலான நார்களையே வேலைக்கு அழைக்கிறது, அந்தச் சில நார்கள் மேல் முழுப் பாரமும் விழுகிறது. 10 சென்ரிமீற்றர் நாருக்குள் சுமார் 40,000 சார்கோமியர்கள், அதாவது சுருங்கும் மிகச் சிறிய அலகுகள், வரிசையாகக் கோர்த்திருக்கின்றன. எல்லாம் ஒரே பலமுள்ளவை அல்ல. பலவீனமானவை முதலில் நீண்டு, நீண்டதாலேயே இன்னும் பலவீனமாகி, இழைகள் ஒன்றையொன்று விட்டு விலகும் அளவுக்கு இழுபட்டுப் போகின்றன. கால் தளர்ந்ததும் பெரும்பாலானவை பழையபடி பொருந்திவிடும், சில பொருந்தாது. ஒரு நீண்ட இறக்கத்தில் எத்தனை ஆயிரம் அடிகள் வைக்கிறோம்! சேதம் சேருகிறது, நாரின் சவ்வு கசிகிறது, கல்சியம் உள்ளே புகுகிறது, அப்புறம் நோயெதிர்ப்புக் கலங்கள் துப்புரவுக்கு வருகின்றன, அவற்றோடு சுரக்கும் பொருட்கள் நரம்பு முனைகளைக் கூருணர்வாக்குகின்றன. இதற்கெல்லாம் ஒன்று, இரண்டு நாள் பிடிக்கும். வாசகிக்கு வலி தாமதமாக வந்தது இதனால்தான்.

லக்ரிக் அமிலம் தேங்கியதால் வலி என்று உடற்பயிற்சி ஆசிரியர்களே இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். லக்ரிக் அமிலம் கூடுவது ஏறும்போது, அதுவும் ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் குறைந்துவிடும், இரண்டாம் நாள் வரை காத்திருக்காது. பாவம் செய்தவனுக்குத்தான் மலையில் கால் நோகும் என்ற பேச்சும் என் காதில் விழுந்திருக்கிறது. பக்தியோடு ஏறி, கால் வலித்து, அதனால் தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் ஒரு பாட்டியிடம் இதைச் சொல்வது கொடுமை. வலிக்கும் புண்ணியத்துக்கும் சம்பந்தமில்லை.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற மலை விளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்துத் திரும்பும் 9 கிலோமீற்றர் வட்டத்தில் இவ்வளவு வலிப்பதில்லை, அங்கே நீண்ட செங்குத்து இறக்கம் இல்லை. தூரத்தைவிட இறக்கம்தான் கணக்கு.

சரி, தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு ஏன் தினமும் இப்படி வலிப்பதில்லை? நிறுவைக்குக் கொழுந்தைச் சுமந்துகொண்டு அவர்கள் இறங்குவதைப் பாருங்கள்: சின்னச் சின்ன அடிகள், பாதம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், முழங்கால் அதிகம் மடியாது. அது பழக்கத்தின் கெட்டித்தனம். அதோடு தசையும் மாறியிருக்கும். ஒருமுறை இப்படிச் சேதப்பட்டுத் தேறிய தசை, சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சேதப்படும். சரிவில் கீழ்நோக்கி ஓடவிட்ட எலிகளின் தொடைத் தசை நாரில், வரிசையாகக் கோர்த்த சார்கோமியர்களின் எண்ணிக்கை கூடியிருந்ததை 1994இல் கண்டார்கள். பாரம் அதிகமான அலகுகளில் பகிரப்படுவதால் ஒவ்வொன்றும் குறைவாக நீள்கிறது. நரம்பும் இணைப்புத் திசுவும்கூடப் பழகிக்கொள்கின்றன. ஆனால் முழங்கால் மூட்டு தசையைப் போலத் தேறுவதில்லை. நாற்பது வருடம் சரிவில் இறங்கிய ஒரு முழங்கால் என்ன ஆகிறது என்பதைத் தோட்டம் தோட்டமாகப் போய் அளக்க வேண்டும். பேராதனை மருத்துவ பீடத்திலிருந்து தேயிலை மலைகள் தூரமில்லை. ஆராய்ச்சிப் பணம் இப்படிப்பட்ட கேள்விக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பேன். இந்த நாட்டுக்கு இத்தனை காலம் அந்நியச் செலாவணி கொண்டுவந்த கால்கள் அவை.

வாசகிக்கு: வலி சில நாட்களில் போய்விடும், மெதுவாக நடமாடுங்கள், தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்துப் போனால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தசை அளவுமீறிச் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை மலைக்குப் போவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு படிக்கட்டில் இறங்கிப் பழகுங்கள், ஏறிப் பழகுவது மூச்சுக்குத்தான் உதவும். காட்டுப் பாதையில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு அடியைக் குறுக்கி இறங்குங்கள். இதே வட்டத்தை இன்னும் இரண்டு, மூன்று வாரத்துக்குள் திரும்ப நடந்தால் இந்த வலியில் பாதிகூட இராது.