ஆன்ட் மே: அத்தையா, பெரியம்மாவா?

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை மகன் ஸ்பைடர்மேன் காமிக்ஸ் தொகுப்பு ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டான்: “மாமா, இந்த ஆன்ட் மே பீட்டருக்கு என்ன முறை வேண்டும்?”

செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் “அத்தை” என்றேன்.

“அத்தை என்றால் அப்பாவின் அக்காவோ தங்கையோ அல்லவா? இவர் பென்னின் மனைவி. பென், பீட்டரின் அப்பாவுக்கு அண்ணன்.”

மாட்டிக்கொண்டேன். ஸ்பைடர்மேன் என்னும் சிலந்தி மனிதனாகும் பீட்டர் பார்க்கரை வளர்த்தவராக, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் ‘ஆன்ட் மே’ என்று அறியப்படும் அந்தப் பெண்மணிக்குத் தமிழில் என்ன முறைப்பெயர் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சிலந்தி மனிதனை எழுதுகிறவர்கள்கூட அவரைப் பற்றி அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. அது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

ஆங்கில ‘ஆன்ட்’ நான்கு வகைப் பெண்களை ஒரே மூட்டையில் கட்டுகிற சொல். அப்பாவின் உடன்பிறந்தவள், அம்மாவின் உடன்பிறந்தவள், அப்பாவின் சகோதரன் மனைவி, அம்மாவின் சகோதரன் மனைவி எல்லாரும் அதற்குள் அடக்கம். தமிழ் இந்த மூட்டையை அவிழ்த்து இரண்டாகப் பிரிக்கிறது. ஆனால் அப்பா வழி, அம்மா வழி என்று பிரிப்பதில்லை. அப்பாவின் சகோதரியும் அம்மாவின் சகோதரன் மனைவியும் ஒரு பக்கம்: அத்தை அல்லது மாமி. அம்மாவின் சகோதரியும் அப்பாவின் சகோதரன் மனைவியும் மறுபக்கம்: மூத்தவர் வழி என்றால் பெரியம்மா, இளையவர் வழி என்றால் சித்தி. முதல் பக்கத்துப் பிள்ளைகள் நமக்கு மாமன் மகள், அத்தை மகன், கட்டிக்கொள்ளும் முறை. இரண்டாம் பக்கத்துப் பிள்ளைகள் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்: யார் அம்மா, யார் அம்மா இல்லை என்பதில் விழுகிறது.

இனி ‘ஆன்ட்’ என்ற சொல்லின் பிறப்பு. ஏறத்தாழ 1300 வாக்கில் அது ஆங்கிலத்தில் நுழைந்தது. பழைய பிரெஞ்சில் அது ‘ஆன்ட்’. அதற்கும் முன்னால் இலத்தீனில் ‘அமிதா’. அமிதா என்றால் அப்பாவின் சகோதரி மட்டுமே. அம்மாவின் சகோதரிக்கு ‘மாதெர்தெரா’ என்று ரோமானியர் தனிச்சொல் வைத்திருந்தார்கள். பழைய ஆங்கிலத்திலும் இந்தப் பாகுபாடு இருந்தது: அப்பாவின் சகோதரி ‘ஃபாது’, அம்மாவின் சகோதரி ‘மோட்ரியே’. 1066-இல் பிரான்சிலிருந்து நார்மானியர் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள், அவர்களுடைய பிரெஞ்சும் கூடவே வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பழைய சொற்களும் ஒழிந்தன. ஒரு காலத்தில் அவர்களும் நம்மைப் போலத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

‘அங்கிள்’ கதை இன்னும் வேடிக்கை. இலத்தீனில் அது ‘அவுங்குலுஸ்’. நேர்ப்பொருள் சின்னத் தாத்தா, வழக்கில் அம்மாவின் சகோதரன். அதாவது தாய்மாமன். அப்பாவின் சகோதரனுக்கு ‘பத்ருவுஸ்’ என்ற வேறு சொல் இருந்தது, அது ஆங்கிலத்துக்கு வந்து சேரவில்லை. ஆக, பிறப்பை வைத்துப் பார்த்தால் ‘அங்கிள் பென், ஆன்ட் மே’ என்பதன் பொருள் மாமா பென், அத்தை மே. நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்ன பதில் வேர்ச்சொல் வரை போனால் சரி. உறவை வைத்துப் பார்த்தால் தவறு. (இந்தச் சாக்கைத் தங்கை மகனிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

மே போன்ற ஒருத்தியை, அதாவது அப்பாவின் சகோதரன் மனைவியை, ரோமானியர் எப்படிக் குறிப்பிட்டார்கள்? ‘பெரியப்பன் மனைவி’ என்பதுபோல இரண்டு சொற்களில் சுற்றி வளைத்துத்தான். அவளுக்கென்று ஒரு சொல் கிடையாது. இரத்த வழி உறவுக்குத்தான் தனிச்சொல். கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குள் வந்தவள் யாரோ ஒருவனின் மனைவி, அவ்வளவுதான். இன்று மே சுமக்கும் ‘ஆன்ட்’ என்ற பெயர் வேறொருத்தியிடமிருந்து இரவல் வாங்கியது.

‘அமிதா’வையும் கொஞ்சம் கீறிப் பார்க்கலாம். அது ‘அம்மா’ என்ற மழலைச் சொல்லிலிருந்து பிறந்த வடிவம் என்று சொற்பிறப்பியலாளர் கருதுகிறார்கள். கிரேக்கத்திலும் ‘அம்மா’ என்றால் தாய். பழைய நார்ஸ் மொழியில் ‘அம்மா’ என்றால் பாட்டி. உடனே யாரும் தமிழ் அம்மா கப்பலேறி ரோமாபுரிக்குப் போனாள் என்று எழுதக் கிளம்ப வேண்டாம். உலகத்துக் குழந்தைகள் எல்லாம் முதலில் எழுப்பும் ஒலி ஏறத்தாழ ஒன்றுதான். குழந்தை பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருக்க, மூக்கு வழியாக எழும் முனகலே இந்த மகரத்துக்குத் தொடக்கம் என்று மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் விளக்கியிருக்கிறார். எப்படியானாலும், ஆங்கில ‘ஆன்ட்’டின் அடியில் ஓர் அம்மா புதைந்து கிடக்கிறாள், ஆங்கிலம் பேசுகிறவருக்கு அவள் கண்ணில் படுவதில்லை. நம் ‘பெரியம்மா’வில் அவள் மேலாகவே இருக்கிறாள்.

இப்போது மேயிடம் வருவோம். திருமணத்துக்கு முன் மே ரைலி, பிறகு மே பார்க்கர். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் வாசி. எழுத்து ஸ்டான் லீ, ஓவியம் ஸ்டீவ் டிட்கோ. 1962 ஆகஸ்டு தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டசி’ 15-ஆம் இதழில் முதல் தோற்றம். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே டிட்கோ வரைந்த வேறொரு சிறுகதையில், நடக்க முடியாத லிண்டா பிரவுன் என்ற பெண்ணை வளர்க்கும் தம்பதியாக ஓர் அங்கிள் பென்னும் ஆன்ட் மேயும் வந்துவிட்டார்கள். கடைசியில் லிண்டா ஒரு கடற்கன்னி என்று தெரியவரும். பெற்றோர் இல்லாத விசித்திரப் பிள்ளை, அதை வளர்க்க ஒரு வயதான தம்பதி: அச்சு தயாராக இருந்தது, பிள்ளை மட்டும்தான் மாறியது.

அந்த 15-ஆம் இதழில் சிலந்தி மனிதன் கதைக்குக் கிடைத்தது பதினொரு பக்கம். அதில் மே செய்வது என்ன? நரைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டு, பீட்டருக்குப் பிடித்த காலை உணவைக் கொண்டுவந்து வைக்கிறார்: கோதுமை மாவில் வார்த்த மெத்தென்ற தடித்த அப்பங்கள். அவனைக் கொழுக்க வைக்காதே என்று பென் கேலி செய்கிறார். கதை முடியுமுன், பீட்டர் பிடிக்காமல் தப்ப விட்ட ஒரு திருடன் கையால் பென் கொலையாகிறார், கடைசிக் கட்டத்தில் ‘பெரும் ஆற்றலோடு பெரும் பொறுப்பும் வரும்’ என்ற கருத்து வருகிறது. அதைப் பென் சொன்னதாகவே ஊரெல்லாம் நினைக்கிறது. அந்த இதழில் அது யார் வாயிலும் இல்லை. கதைசொல்லியின் குறிப்பாக மட்டுமே இருக்கிறது. சொல்லாத வாக்கியத்துக்குப் பென்னுக்கு அழியாப் புகழ். அடுத்த பல பத்தாண்டுகள் வாடகை, மருந்து, தையல் துணி என்று அல்லாடிக்கொண்டு பையனை ஆளாக்கிய மேவுக்குக் கிடைத்தது, அடிக்கடி மயங்கி விழும் வேடம். 2021-இல் வந்த திரைப்படத்தில்தான் அந்த வாக்கியம் மேயின் வாய்க்கு வந்தது. அதையும் சாகும் தறுவாயில்தான் சொல்ல விட்டார்கள்.

முறை சரியா என்று தெரிய வேண்டுமானால் கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டும் என்பார் என் பாட்டி. எடுத்துப் பார்ப்போம். 1974-இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 131-ஆம் இதழில் மேவுக்கும் டாக்டர் ஆக்டோபஸுக்கும் திருமணம் நடக்கும் தறுவாய்க்குப் போய்விடுகிறது. சொந்தக் கை இரண்டோடு நான்கு இயந்திரக் கையும் கொண்ட அந்த வில்லனை மே 1964 முதலே பண்பான கனவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அவன் கண்ணோ, மேவுக்குச் சொத்தாக வந்த கனடாத் தீவின் அணு ஆலை மேல். தாலி கட்டும் நேரத்தில் இன்னொரு வில்லன் புகுந்து கலைத்துவிட்டான். கலைத்திருக்காவிட்டால் டாக்டர் ஆக்டோபஸ் பீட்டருக்குப் பெரியப்பா.

2009-இல், 600-ஆம் இதழில், நல்லபடியாகவே ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜே ஜேம்சன். சிலந்தி மனிதனைச் சமூக விரோதி என்று நாள்தோறும் தலைப்பில் திட்டிய பத்திரிகை முதலாளி ஜே. ஜோனா ஜேம்சனைப் பெற்றவர். இப்போது சொல்லுங்கள்: மேயை அத்தை என்று மொழிபெயர்த்தால் ஜோனா ஜேம்சன் பீட்டருக்கு அத்தான் ஆகிவிடுவார். பெரியம்மா என்றால் அண்ணன். பீட்டர் பட்ட பாட்டுக்கு அத்தான் வேண்டவே வேண்டாம். சொத்துத் தகராறு முதல் சாபம் வரை அண்ணன் தம்பிக்குள் சகஜம், ஜோனா அண்ணன்தான்.

இதில் மேயை ‘இரத்த உறவு இல்லாதவர்’ என்று ஒதுக்க முடியாதபடி எழுதியவர்களே ஒரு முடிச்சும் போட்டுவிட்டார்கள். 1964-இல் வந்த 10-ஆம் இதழில் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடக்கும் மேவுக்குப் பீட்டர் தன் இரத்தத்தைக் கொடுக்கிறான். கதிரியக்கச் சிலந்தி கடித்த இரத்தம். அடுத்த ஆண்டு அதுவே நஞ்சாகி அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோகிறது. மருந்துக் குப்பி எட்டாத தூரத்தில் கிடக்க, மலைபோன்ற இயந்திரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் பீட்டர் பக்கம் பக்கமாக மூச்சுத் திணறி அதைத் தூக்கி எறிகிறானே, 33-ஆம் இதழின் அந்தப் புகழ்பெற்ற காட்சி, அது இந்தக் குப்பிக்காகத்தான். எல்லாரும் அந்தத் தோள்களைப் பார்த்தார்கள். யாருக்காகத் தூக்கினான் என்பதை இரண்டாவதாகத்தான் பார்த்தார்கள்.

மே படுக்கையை விட்டு எழுந்து முழு மனுஷியாக நின்றது 2001-க்குப் பிறகு, ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி எழுதியபோது. அடிபட்டு, கிழிந்த ஸ்பைடர்மேன் உடையோடு படுத்துத் தூங்கும் பையனை அவர் பார்த்துவிடுகிறார். எழுப்பவில்லை. பிறகு ஓர் இதழ் முழுக்க இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், சண்டையே கிடையாது. திருடனைத் தப்ப விட்டது நான்தான் என்று பீட்டர் அழுகிறான். அன்றிரவு பென்னோடு சச்சரவு செய்து அவரை வெளியே போக வைத்தது நான்தான் என்கிறார் மே. ஒரே சாவுக்கு ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் தனித்தனியாகப் பழி சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அந்த இதழைப் படிக்கும்போது ‘அத்தை’ என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை.

நியூயார்க்கைப் பற்றி ஓர் இடைச்செருகல். அந்த மாநிலத்தின் தொல்குடிகளான செனக்கா மக்கள் அம்மாவின் சகோதரியை அம்மா என்றும் அப்பாவின் சகோதரனை அப்பா என்றும்தான் அழைத்தார்கள். அப்பாவின் சகோதரிக்கு வேறு சொல். ராச்செஸ்டர் வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் இதைக் குறித்துக்கொண்டு, தமிழ் உறவுமுறைப் பட்டியலையும் வரவழைத்து ஒப்பிட்டு, 1871-இல் பெரிய நூலாக வெளியிட்டார். அந்த மண்ணுக்குப் பெரியம்மா புதியவளல்ல.

இனி வழக்குச் சொற்கள். மேவுக்கு நேரான தமிழ் ‘பெரியம்மா’. எழுத்துநடையில் பெரிய தாயார் என்றும் எழுதலாம். ஊருக்கு ஊர் பெரியாத்தா, பெரியாயி என்றெல்லாம் உண்டு. இளையவர் வழியில் சித்தி, சின்னம்மா. முஸ்லிம் வீடுகளில் சாச்சி. யாழ்ப்பாணத்தில் குஞ்சம்மா, ஆசையம்மா என்று கேட்கவே இனிக்கும் பெயர்கள். கம்பனில் சுமந்திரன் இராமனிடம் கைகேயியைச் ‘சிற்றவை’ என்று குறிப்பிடுகிறான். சிறிய அவ்வை, சிறிய தாய். இவற்றில் பெரும்பாலானவற்றில் அம்மாவோ ஆத்தாவோ ஆயியோ அவ்வையோ ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

‘மே ஆன்ட்டி’ என்று எழுதுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தமிழில் ஆன்ட்டி என்பது உறவே இல்லாதவர்களுக்கான சொல்லாகிவிட்டது: எதிர்வீட்டுக்காரர், நண்பனின் அம்மா, லிஃப்டில் பார்க்கும் முகம் தெரியாத பெண்மணி. சிலர் அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள், நியாயம்தான். வளர்த்தவளை அந்த வரிசையில் நிறுத்தக் கூடாது.

‘மே பெரியம்மா’ என்று பெயரோடு சேர்த்து எழுதுவதிலும் சிக்கல் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் பெரியம்மாவைப் பெயர் சொல்லி விளிப்பதில்லை; போதாக்குறைக்கு ‘மே’ என்பது நம் காதுக்கு ஆட்டுக்குட்டியின் குரல். கதைசொல்லி பேசும் இடத்தில் மே பார்க்கர், பீட்டர் வாய் திறக்கும் இடத்தில் வெறும் பெரியம்மா: இப்படி வைத்துக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் தங்கை மகனிடம் ஒப்பித்துவிட்டு, வெற்றிக் களிப்போடு செய்தித்தாளை மீண்டும் எடுத்தேன். அவன் விடவில்லை. 2016 முதல் வந்த படங்களில் மேயாக நடித்த மரிசா டோமெயின் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். நரை இல்லை, கொண்டை இல்லை.

“இவரைப் பார்த்தால் பெரியம்மா மாதிரியா இருக்கிறது?”

அந்தப் படங்களில் பென் அண்ணனா தம்பியா என்ற பேச்சே எழுவதில்லை.

“சித்தி என்று வைத்துக்கொள்” என்றேன்.