குமரியில் சாய்விழக்கும் காந்தக்கோடும் உள்ளானின் மூளையும்

கடந்த அக்டோபரில், மணக்குடிக் காயலை ஒட்டிய உப்பளங்களுக்குப் பள்ளி மாணவர்கள் சிலரைப் பறவை பார்க்க அழைத்துச் சென்றிருந்தேன். உப்பு வாரும் பருவம் முடிந்து மழைநீர் தேங்கிக் கிடந்த ஒரு பாத்தியில் கொசு உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் கூட்டமாக இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றின் முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தோளிலிருந்து இறங்கி வால்பக்கம் நெருங்கி வருவதைத் தொலைநோக்கியில் காட்டி, இது இந்த ஆண்டு வடதுருவத்தை ஒட்டிய துந்திரா நிலத்தில் பொரித்த இளம் பறவை என்றும், உள்ளான் இனங்கள் பலவற்றில் பெற்றோர் முன்னதாகவே தெற்கே புறப்பட்டுவிடும் என்றும் விளக்கினேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உடனே கேட்டான்: "தள்ளப் பறவை முன்னாலயே வந்துட்டுதுன்னா, இந்தக் குஞ்சுக்கு வழி சொன்னது ஆரு சார்?" (தள்ள என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் தாய்.)

அன்று பாத்தி வரப்பில் நின்றபடி அவனுக்குச் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

வழி அறிவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று திசைகாட்டி, மற்றொன்று வரைபடம். இவ்விரண்டும் பறவையிடம் தனித்தனியாக இருக்கின்றன என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்டெக் 1958இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. மைனா குடும்பத்து ஸ்டார்லிங் பறவைகள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அவர் வலசையின் நடுவே பிடித்து, வளையமிட்டு, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விடுவித்தார். முன்பே ஒருமுறையேனும் போய்வந்த மூத்த பறவைகள் இடம் மாறியதை உணர்ந்து, திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான குளிர்கால இடத்தை நோக்கிப் பறந்தன. முதல்முறை பறந்த இளம் பறவைகளோ பிறவியிலேயே பெற்ற அதே திசையில் பறந்து, பிரான்சின் தென்பகுதியிலும் ஸ்பெயினிலும் போய்ச் சேர்ந்தன. திசையும் ஏறத்தாழ எவ்வளவு தொலைவு என்பதும் மரபணுவிலேயே வருகின்றன. இடத்தை அறிவது அனுபவத்தால் வருகிறது.

அந்த அனுபவத்தைச் சேமிக்கும் மூளைப்பகுதி ஹிப்போகாம்பஸ். மனிதருக்கு அது மூளையின் பக்கமடலுக்குள் மடிந்து புதைந்திருக்கிறது. பறவைக்கோ முன்மூளையின் மேற்புறத்தில், நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருக்கிறது. வட அமெரிக்கச் சிறு உள்ளான் ஒன்று கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கொழுத்து, அட்லாண்டிக் பெருங்கடலை இறங்காமல் கடந்து தென் அமெரிக்கக் கரையை அடைகிறது. கடலைக் கடக்குமுன் பிடித்த பறவைகளையும் பிரேசில் கரையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தவற்றையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஹிப்போகாம்பஸில் நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் நட்சத்திர வடிவச் செல்களின் கிளைகள் பயணத்துக்குப் பின் எளிமையாகிக் குறுகியிருப்பதை 2018இல் வெளியிட்டார்கள்.

ஆனால் மாணவனின் கேள்வி வரைபடமே இல்லாத குஞ்சைப் பற்றியது. அதனிடம் இருப்பது திசைகாட்டி மட்டுமே. அந்தத் திசைகாட்டியைப் போல் என்னை வியக்கவைத்த உறுப்பு உயிருலகில் வேறொன்றில்லை.

பள்ளி ஆய்வகத்துக் காந்த ஊசி வடக்கைக் காட்டும். பறவையின் திசைகாட்டிக்கு வடக்கும் தெரியாது, தெற்கும் தெரியாது. ஜெர்மனியைச் சேர்ந்த வில்ட்ஷ்கோ தம்பதியர் ராபின் பறவைகளைக் கொண்டு செய்து 1972இல் வெளியிட்ட சோதனையில், காந்தப்புலத்தின் வடமுனை, தென்முனையை முற்றிலும் தலைகீழாக்கியபோது பறவைகள் சிறிதும் குழம்பவில்லை. காந்தக்கோடு, அதாவது காந்தப்புலம் செல்லும் திசையைக் காட்டும் கற்பனைக் கோடு, நிலத்தோடு கொள்ளும் சாய்வை மட்டும் மாற்றியபோது அவை எதிர்த்திசையில் திரும்பின. அதாவது, காந்தக்கோடு எந்தப் பக்கமாக நிலத்துக்குள் சரிகிறதோ அந்தப் பக்கம் துருவம், எந்தப் பக்கமாக எழுகிறதோ அந்தப் பக்கம் புவியின் நடுக்கோடு என்பதே பறவையின் கணக்கு. சாண்டர்லிங் என்னும் கரையோர உள்ளானும் காந்தத் திசைகாட்டி உடையது என்று ஐஸ்லாந்தில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இந்தச் சாய்வைப் பறவை கண்ணால் உணர்கிறது என்பதற்கே இன்று வலுவான சான்றுகள் இருக்கின்றன. விழித்திரையின் கூம்பு செல்களில் கிரிப்டோகுரோம் 4 என்ற புரதம் இருக்கிறது. அதன் நடுவே அமர்ந்திருக்கும் மூலக்கூறின் மீது நீல ஒளி விழுந்ததும், பக்கத்தில் வரிசையாக நிற்கும் நான்கு ட்ரிப்டோபேன் அமினோ அமிலங்களின் வழியே, வாய்க்கால் கரையில் கைமாறிச் செல்லும் கடப்பாறையைப்போல, ஓர் எலக்ட்ரான் இடம் மாறுகிறது. இப்போது இணையிழந்த எலக்ட்ரான் இந்த முனையில் ஒன்றும் அந்த முனையில் ஒன்றுமாக நிற்கின்றன. பிரிந்த பின்னும் அவற்றின் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று மறப்பதில்லை. ஒரு கணம் எதிரெதிராகவும் மறுகணம் ஒத்த திசையிலுமாக மாறிக்கொண்டே இருக்கின்றன. எந்த நிலையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதைப் புவியின் காந்தப்புலம் அந்தப் புரதத்தை எந்தக் கோணத்தில் கடக்கிறது என்பது தீர்மானிக்கிறது. நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரத்துக்குள் இவையெல்லாம் நடந்து முடிந்து, விளைவு வேதிப்பொருளின் அளவாக மிஞ்சுகிறது. விழித்திரை கிண்ணம்போல் வளைந்திருப்பதால், அதன் ஒவ்வோர் இடத்திலும் புரதம் வெவ்வேறு கோணத்தில் நிற்கிறது. ஆகவே பறவை பார்க்கும் காட்சியின் மீதே காந்தக்கோட்டின் சாய்வு ஒரு மெல்லிய நிழற்கோலமாகப் படிந்திருக்கக்கூடும். ராபினின் இந்தப் புரதம் கோழியினுடையதையும் புறாவினுடையதையும்விடக் காந்தத்துக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது என்பதை ஓல்டன்பர்க், ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2021இல் சோதனைக்குழாயிலேயே காட்டினார்கள்.

கண்ணிலிருந்து புறப்படும் இச்செய்தி முன்மூளையில் பார்வைக்குரிய பகுதியின் ஓர் ஓரத்தை அடைகிறது. 'கிளஸ்டர் என்' என்று பெயரிடப்பட்ட இந்தத் திட்டு, இரவில் வலசை போகும் பாடும் பறவைகளில் இருட்டில் மட்டும் சுறுசுறுப்படைவதையும், கண்களை மூடினால் ஓய்ந்துவிடுவதையும் 2005இல் கண்டறிந்தார்கள். 2009இல் ராபின்களில் அத்திட்டைச் செயலிழக்கச் செய்தபோது காந்தத் திசைகாட்டி மட்டும் அற்றுப்போயிற்று. சூரியனையும் விண்மீன்களையும் கொண்டு அவை முன்போலவே திசை கண்டன.

இனி நம் ஊருக்கு வருகிறேன். துந்திராவில் காந்தக்கோடு, கிணற்றுக்குள் விட்ட கயிற்றைப்போல் ஏறக்குறைய செங்குத்தாக மண்ணுக்குள் இறங்குகிறது. உள்ளான் தெற்கே வரவரச் சாய்வு குறைந்துகொண்டே போய், மணக்குடிப் பொழிமுகத்தை அது அடையும்போது காயல் நீர்ப்பரப்பைப்போல் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகிவிடுகிறது. சாய்வே இல்லாத இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு குமரிக்கு மிக அருகில் செல்வதே காரணம். நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த 1850களில் திருவனந்தபுரம் வானாய்வக இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன் அகத்தியமலை உச்சியில் காந்த ஆய்வகம் அமைத்ததற்கும், 1963இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் இந்தக் கோட்டின் அருகாமை முக்கியக் காரணம். சாய்வை மட்டுமே அறிந்த திசைகாட்டிக்கோ, சாய்வே இல்லாத ஊரில் வேலை இல்லை. வில்ட்ஷ்கோ தம்பதியரின் சோதனையில், கிடைமட்டக் காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட ராபின்கள் திசை தெரியாமல் தடுமாறின.

இதைப் பறவை எப்படிச் சமாளிக்கிறது? கார்டன் வார்ப்ளர் என்ற சிறு பறவையைச் சில நாள் கிடைமட்டப் புலத்தில் வைத்திருந்து, பின்பு சாய்வுள்ள புலத்துக்கு மாற்றியபோது, நடுக்கோட்டை நோக்கிப் பறந்துகொண்டிருந்த அது துருவத்தை நோக்கிப் பறக்க முயன்றது. 1992இல் வெளியான இம்முடிவின்படி, சாய்வற்ற புலமே 'நடுக்கோட்டைத் தாண்டுகிறாய், கணக்கை மாற்றிக்கொள்' என்று சொல்லும் குறிப்பாகிறது. மற்றொரு துணை வானம். இரவு முழுவதும் விண்மீன்கள் எந்தப் புள்ளியைச் சுற்றி வருகின்றனவோ அதை வடக்கு என்று குஞ்சுப் பருவத்திலேயே கற்கும் பறவைகள் உண்டு. குமரியில் அந்தப் புள்ளி வடக்கே அடிவானத்திலிருந்து எட்டு பாகை உயரத்தில்தான், கையை நீட்டினால் முஷ்டி அகலத்துக்கும் சற்றுக் குறைவாக, நிற்கிறது.

பறவையின் உணர்வை எழுதும்போது நம் வீடுகளில் வழங்கும் ஒரு நம்பிக்கையையும் தொடவேண்டியிருக்கிறது. வடக்கே தலைவைத்து உறங்கினால் ரத்தத்திலுள்ள இரும்பைப் புவிக்காந்தம் இழுக்கும் என்று அறிவியலின் பெயராலேயே பரப்புகிறார்கள். ஹீமோகுளோபினிலுள்ள இரும்பு ஆணியின் இரும்பைப்போல் காந்தத்தில் ஒட்டாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சிறு காந்தமே அதனருகில் புவிக்காந்தத்தைப்போல் நூறு மடங்கு வலிமையுடையது. ஒரு கிராம் எடைகூட இல்லாத உள்ளானின் மூளை இத்தனை நுட்பமாக அளக்கும் ஒன்றைப் பூச்சாண்டியாக்கிக் குழந்தைகளிடம் சொல்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

அந்த மூளையை அதன் உடல் எப்படிப் பேணுகிறது என்பதும் அறியத்தக்கது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீனாவுக்கு 5,400 கிலோமீட்டர் பறந்து வந்த பெரிய உள்ளான் வகை ஒன்றை ஆராய்ந்தபோது, கல்லீரல், குடல், தசை என எல்லா உறுப்புகளும் எடை குறைந்திருந்தன. மூளையும் நுரையீரலும் மட்டுமே குறையாமல் இருந்தன.

காந்த நடுக்கோட்டுப் பகுதியை ஆராய்வதற்கென்றே திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் குளங்களும், அவற்றை அடுத்த மணக்குடிக் காயலும் அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேவைப்படுபவை பெரிய கருவிகள் அல்ல. வடக்கே திரும்பத் துடிக்கும் ஏப்ரல் மாத உள்ளான்கள் சிலவும், கம்பிச்சுருள் சுற்றிய ஒரு மரக்கூண்டும், மேகமூட்டமான ஓர் இரவும் போதும். விண்மீன் தெரியாத அந்த இரவில் கூண்டுக்குள் காந்தக்கோட்டை ஐந்து பாகை, பத்து பாகை என்று சிறிது சிறிதாகச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். எத்தனையாவது பாகையில் அவை ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கத் தொடங்குகின்றன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.